கண் மட்டத்துக்கு இறங்குதல்: கமராக் கோணம் படத்தின் பொருளை மாற்றுவது எப்படி?

யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஒரு பெரிய கூட்டம் நடந்தால் அன்றிரவே முகநூலில் இரண்டு விதமான படங்கள் வந்துவிடும். ஒன்றில் எள் போட்டால் எள் விழாத சனம். மற்றதில் அங்கொரு கும்பல், இங்கொரு கும்பல், நடுவில் வெறும் புல். கீழே சண்டை தொடங்கும். மற்றவர் போட்டது வெட்டி ஒட்டிய படம் என்று இரண்டு பக்கமும் சொல்லும். பெரும்பாலும் இரண்டுமே கை வைக்காத உண்மையான படங்களாக இருக்கும். அதே மைதானம், அதே மாலை. மாறியது கமரா நின்ற இடம் மட்டும்.

அந்த ஒரு மாற்றம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எப்படிக் கொண்டுவருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். கூட்டத்தின் அளவில் தொடங்கினாலும் விஷயம் அங்கே முடிவதில்லை. ஒரு மனிதரைப் பார்த்து நாம் பயப்படுவதும், இரங்குவதும், நம்புவதும், சந்தேகப்படுவதும் கூட ஓரளவுக்குக் கமரா நிற்கும் இடத்தில்தான் தீர்மானமாகிறது.

கோணம் என்று எதைச் சொல்கிறோம்?

பேச்சில் கோணம் என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து விஷயங்களைப் போட்டுவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

1. உயரம்: கமரா நிலத்திலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது. முழங்கால் உயரமா, கண் உயரமா, மதில் உயரமா, பனை உயரமா.

2. சாய்வு: அந்த உயரத்திலிருந்து லென்ஸ் நேராகப் பார்க்கிறதா, மேலே அண்ணாந்து பார்க்கிறதா, கீழே குனிந்து பார்க்கிறதா.

3. சரிவு: கமராவே ஒரு பக்கமாகச் சரிந்து, படத்தில் நிலமும் தொடுவானமும் கோணலாகத் தெரிகிறதா.

4. பக்கம்: ஆளுக்கு முன்னாலா, பக்கவாட்டிலா, முதுகுக்குப் பின்னாலா.

5. தூரம்: எவ்வளவு கிட்ட, எவ்வளவு எட்ட.

முதல் இரண்டையும்தான் அதிகம் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். கமரா தாழ்வாக இருந்தாலே அது அண்ணாந்து பார்க்கும் படம் என்று நினைத்துவிடுகிறோம். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு இதற்கு நல்ல விடை. அவருடைய படங்களில் கமரா பல வேளைகளில் நிலத்துக்கு மிகக் கிட்ட இருக்கும். பாயில் அமர்ந்திருக்கும் ஒருவரின் கண் உயரம், சிலவேளை அதையும் விடக் கீழே. ஆனால் லென்ஸ் பெரும்பாலும் நேராகவே பார்க்கும். அதனால் அந்தப் பாத்திரங்கள் யாரும் மலை போல உயர்ந்து மிரட்டுவதில்லை. அவர்களுடைய வீட்டுக்குள் போய் நாமும் நிலத்தில் அமர்ந்துவிட்டது போல இருக்கிறது. எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து அமர்ந்து கதைத்துப் பழகியவர்களுக்கு அந்த உயரம் உடனே பிடிபடும். தாழ்ந்த கமரா வேறு, அண்ணாந்த கமரா வேறு.

தூரம் பற்றி ஒரு கணக்கு

படத்தில் முன்னால் இருப்பது எவ்வளவு பெரிதாக, பின்னால் இருப்பது எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது தூரம். லென்ஸ் செய்வது அந்தக் காட்சியில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்ற வேலைதான். இது பலருக்கும் வியப்பாக இருக்கும், ஆனால் சின்னக் கணக்கு.

ஒருவர் கமராவிலிருந்து 2 மீற்றரில் நிற்கிறார், அவருக்கு 2 மீற்றர் பின்னால் இன்னொருவர். பின்னால் நிற்பவர் படத்தில் சரிபாதி அளவில்தான் தெரிவார். அதே இரண்டு பேரையும் 40 மீற்றர் தள்ளி நின்று, தூரத்தைக் கிட்ட இழுக்கும் நீள லென்ஸால் எடுங்கள். முன்னவர் 40இல், பின்னவர் 42இல். இப்போது பின்னவர் முன்னவரில் 100க்கு 95 பங்கு அளவில் தெரிவார். இருவரும் தோளோடு தோள் உரசி நிற்பது போலத்தான் இருக்கும். நடுவில் இருந்த 2 மீற்றர் படத்தில் காணாமல் போய்விட்டது.

செல்பி எடுக்கும்போது மூக்குப் பெரிதாகத் தெரிவதற்கும் இதே காரணம்தான். மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் என்று வைப்போம். போன் 40 சென்ரிமீற்றரில் இருந்தால் மூக்கு 40இல், காது 52இல். மூக்குக்கு 30 சதவீதம் கூடுதல் அளவு கிடைக்கிறது. 2 மீற்றரில் நின்று எடுத்தால் அது 6 சதவீதம்தான். போன் கமராவைக் குறை சொல்லிப் பயனில்லை, கையின் நீளம்தான் அவ்வளவு.

முற்றவெளியில் நடந்தது என்ன?

இனிக் கூட்டப் படத்துக்கு வருவோம். யாழ்ப்பாணம் தட்டையான நிலம். மேடு பள்ளம் இல்லாத நிலத்தில் ஒரு விதி பிசகாமல் வேலை செய்யும்: கமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் உள்ளவை எல்லாம், கிட்ட இருந்தாலும் எட்ட இருந்தாலும், படத்தில் தொடுவானக் கோட்டிலேயே விழும். கண் உயரத்தில் கமராவைப் பிடித்தால் மைதானத்தில் நிற்கும் எல்லோருடைய தலையும் ஒரே கோட்டில் அடுக்கப்படும். முன் வரிசைத் தலைகள் பின்னால் உள்ள வெற்றிடத்தை மறைத்துவிடும். இருநூறு பேர் நின்றாலும் தலைகளாலான ஒரு சுவர்தான் தெரியும். அதோடு நீள லென்ஸும் சேர்ந்தால், மேலே பார்த்த கணக்குப்படி இடைவெளிகள் ஒடுங்கி, இருநூறு பேர் இரண்டாயிரம் போல ஆகிவிடுவார்கள்.

அதே நேரம் ஒருவர் ட்ரோனை மேலே ஏற்றி நேராகக் கீழே பார்க்கிறார். இப்போது ஒருவர் தலை இன்னொருவரை மறைக்காது. ஒவ்வொரு இடைவெளியும் புல்லாகத் தெரியும். போதாததற்கு ஆள் நிற்காத மைதான ஓரங்களும் சட்டகத்துக்குள் வந்துவிடும். நெருக்கமாக நின்ற கூட்டம் கூட ஒரு பெரிய பச்சைத் துணியில் சிந்திய அரிசி போல ஆகிவிடும்.

2020இல் கொரோனா முடக்கத்தின்போது டென்மார்க்கில் இரண்டு செய்திப் படப்பிடிப்பாளர்கள் இதை வெளிப்படையாகவே செய்து காட்டினார்கள். கடை வரிசையில் நின்ற அதே ஆட்களை ஒரே நேரத்தில் இரண்டு விதமாக எடுத்து அருகருகே வெளியிட்டார்கள். நீள லென்ஸில் தூர நின்று எடுத்ததில் ஆட்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி நிற்கிறார்கள். அகல லென்ஸில் கிட்டப் போய்ப் பக்கவாட்டில் எடுத்ததில் ஒழுங்காக இடைவெளி விட்டு நிற்கிறார்கள். ஊரடங்கை மீறும் சனம் என்று யாரைத் திட்டலாம் என்பதையே அந்தக் கோணம் தீர்மானித்திருக்கும்.

கூட்டத்தின் அளவை அறியத்தான் வேண்டும் என்றால் மேலிருந்து எடுத்த படம் உதவும். பரப்பளவை அளந்து, ஒரு சதுர மீற்றரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பெருக்கலாம். கண் உயரப் படத்திலிருந்து அந்த எண்ணிக்கையை எடுக்கவே முடியாது. ஆனால் அங்கே வந்தவர்கள் எந்த மனநிலையில் நின்றார்கள் என்பது அந்தக் கண் உயரப் படத்தில்தான் இருக்கிறது.

உயரம் ஏன் மரியாதை ஆகிறது?

மேலே இருந்து பார்த்தால் ஆள் சிறியவர், கீழே இருந்து பார்த்தால் பெரியவர் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். அது ஏன் அப்படி? விடை எங்கள் உடம்பில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து பல வருடங்கள் எல்லோரையும் அண்ணாந்துதான் பார்த்தோம். சோறு தந்தவரும் மேலே இருந்தார், அடித்தவரும் மேலே இருந்தார். பிறகு நாம் குனிந்து பார்த்தவை குழந்தைகள், ஆட்டுக்குட்டிகள், விழுந்து கிடப்பவர்கள். கமரா எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்தில் பார்ப்பவரின் உடம்பையும் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. மிச்சத்தைப் பழைய நினைவு செய்துகொள்ளும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. யார் கதிரையில், யார் திண்ணையில், யார் நிலத்தில் என்பது இங்கே சும்மா ஏற்பட்ட வழக்கமாக இருந்ததில்லை. 1920களின் இறுதியில், அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்துப் பெரிய கலவரமே எழுந்தது. ஒரு பிள்ளை வாங்கில் அமர்வதா நிலத்தில் அமர்வதா என்பதற்காகச் சண்டை பிடித்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், நிலத்தில் அமர்ந்திருக்கும் ஒருவரை நின்றபடி குனிந்து படமெடுப்பது என்ன அர்த்தம் தரும் என்று படமெடுப்பவர் ஒரு நிமிடம் யோசித்தே ஆக வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். திருநெல்வேலிச் சந்தையில் ஓர் ஆச்சி சாக்கு விரித்துப் பனங்கிழங்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆச்சி, அதே கிழங்கு. மூன்று படங்கள் எடுக்கிறோம்.

முதலாவது, நின்றபடி. கமரா ஐந்து அடி உயரத்தில், கீழே குனிந்து பார்க்கிறது. படத்தில் பெரிதாக வருவது அவருடைய வகிடும் நரைத்த உச்சியும். நெற்றி முன்னே தள்ளி, கண் உள்ளே போய், வாயும் தாடையும் சுருங்கிவிடும். பின்னணி முழுக்கச் சந்தை நிலம்: நசிந்த வாழையிலை, ஈரம், நடந்துபோகிறவர்களின் செருப்புக் கால்கள். அவர் கமராவைப் பார்க்க வேண்டுமானால் கண்ணை மேலே உயர்த்த வேண்டும். படத்தில் அந்தப் பார்வை இரப்பது போல ஆகிவிடும். அவர் கேட்டது "எத்தனை கட்டு வேணும் பிள்ளை?" என்பதாக இருக்கலாம். படம் சொல்வது வேறு.

இரண்டாவது, குந்தி இருந்து. கமரா அவர் கண்ணுக்கு நேரே. இப்போது நிலம் ஒரு கீற்றாகச் சுருங்கி, பின்னால் மற்றக் கடைகளும், தொங்கும் வாழைக்குலைகளும், விலை பேசுகிற ஆட்களும் வருகிறார்கள். கிழங்குக் கட்டுகள் அவருக்கு முன்னால் ஒரு சிறு மதில் போல நிமிர்ந்து நிற்கின்றன. கட்டை நீட்டும் கை தெரிகிறது, நகக்கண்ணில் காய்ந்த மண் தெரிகிறது. அவர் நேராகப் பார்க்கிறார். வியாபாரம் செய்யும் ஒரு பெண்ணை நாம் பார்க்கிறோம்.

மூன்றாவது, போனைச் சாக்கின் மட்டத்துக்கே இறக்கி, மேலே அண்ணாந்து. கிழங்குகள் ஈட்டி போலப் பெரிதாக எழும்ப, ஆச்சி அவற்றுக்கு மேலே சந்தைக் கூரையை முட்டுகிற உருவமாகத் தெரிவார். கம்பீரமாக இருக்கும். ஆனால் அவரை ஒரு சிலையாக்கிவிட்டோம். சிலையிடம் யாரும் கிழங்கு வாங்குவதில்லை.

மூன்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் நான் ஒன்றைத்தான் தெரிவு செய்வேன், இரண்டாவதை. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் எங்கள் சனத்தைப் பற்றி வந்த நிவாரணப் படங்களில் முதலாவது வகையை அடிக்கடி காணலாம். நிலத்தில் அமர்ந்திருக்கும் பெண்கள், நின்றபடி எடுத்தவர், மேல்நோக்கிய கண்கள். எடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. குனியவோ குந்தவோ நேரம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த உயரம்தான். பல வருடங்களாக நாங்கள் அண்ணாந்து கை நீட்டுகிறவர்களாகவே தெரிந்தோம்.

கீழிருந்து பார்ப்பது

அண்ணாந்து எடுத்தால் ஆள் பெரியவராவது எப்படி என்று இயந்திர ரீதியாகப் பார்த்தால் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சுற்றியுள்ள மற்ற மனிதர்களும் வேலியும் வீதியும் சட்டகத்தை விட்டு விலகி, பின்னணி வானமாகிறது. நேர்கோடுகள் மேலே போகப் போக ஒடுங்கி உயரத்தைக் கூட்டுகின்றன. பார்ப்பவரின் கண் ஆளின் கழுத்துக்குக் கீழே போய்விடுகிறது. தட்டையான எங்கள் நிலத்தில் முதலாவது மிகச் சுலபம். கமராவை ஒரு மீற்றர் கீழே இறக்கி அண்ணாந்து பிடித்தால் போதும், கிடுகு வேலி மறைந்து முழு வானமும் வந்துவிடும். ஒற்றைப் பனை கூட ஒரு காவல்காரன் போல நிற்கும்.

கோபுரங்களில் இது இரட்டிப்பாகிறது. கோபுரம் கட்டப்படும்போதே மேலே போகப் போக ஒடுங்குகிறது. கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் கமராவும் தன் பங்குக்கு ஒடுக்கும். நல்லூர்க் கோபுரத்தைச் சந்நிதியில் நின்று போனில் எடுத்த படத்தில் அது பின்னால் சரிவது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். கட்டடத்தைக் கட்டியபடியே காட்ட விரும்புகிறவர்கள் கமராவை நிமிர்த்தி, எட்டப் போய் எடுப்பார்கள், அல்லது எதிரில் உள்ள மாடியில் ஏறுவார்கள். ஆனால் அடியவர் ஒருவர் அங்கே நிற்கும்போது அனுபவிப்பது அந்தச் சரிவைத்தான். எது சரியான படம் என்பது யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்த வலிமையை அரசியல் நன்றாகப் பயன்படுத்தியது. 1930களில் ஜேர்மனியில் லெனி ரீஃபென்ஸ்டால் நாசிக் கட்சிக்காக எடுத்த பிரசாரப் படத்தில் ஹிட்லர் திரும்பத் திரும்பக் கீழிருந்தே காட்டப்படுகிறார். வானம் மட்டும் பின்னால், கேள்வி கேட்கக் கூடிய மனித முகம் எதுவும் பக்கத்தில் இல்லை. இன்று எங்கள் தேர்தல் சுவரொட்டிகளிலும் கட்சி வீடியோக்களிலும் வேட்பாளர் எந்த உயரத்திலிருந்து காட்டப்படுகிறார் என்று கவனித்துப் பாருங்கள். கமராவை இறக்கியவர் தெரிந்துதான் இறக்கியிருப்பார்.

அதற்காகத் தாழ்கோணம் என்றாலே அதிகாரம் என்று மனப்பாடம் செய்துவிடக் கூடாது. 1941இல் வந்த ஓர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' படத்தில் ஒரு காட்சி. நாயகன் தேர்தலில் தோற்றுப்போய், வெறிச்சோடிய அலுவலகத்தில் நண்பனோடு பேசுகிறான். வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் அந்தக் காட்சிக்காக அரங்கின் தரையையே உடைத்துக் கமராவைக் குழிக்குள் வைத்தார்கள். அண்ணாந்து பார்க்கையில் மேல்தளம் தெரியும் என்பதால் துணியால் கூரை போட்டார்கள். அவ்வளவு கீழிருந்து பார்த்தும் அந்த மனிதன் வென்றவனாகத் தெரியவில்லை. உடம்பு பெரிதாகிறது, ஆனால் தலைக்கு மேல் கூரை இறங்கி அழுத்துகிறது. வானம் இருக்க வேண்டிய இடத்தில் கூரை வந்ததும் அதே கோணத்தின் பொருள் தலைகீழாகிவிட்டது. கோணத்துக்கு அகராதிப் பொருள் கிடையாது, சட்டகத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

பழைய கலியாணப் படங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மேலும் கீழுமாக இரட்டை லென்ஸ் உள்ள கமராவை இடுப்பு உயரத்தில் பிடித்து, குனிந்து கண்ணாடியில் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் பலர் எடுத்தார்கள். அதனால் மாப்பிள்ளை பொம்பிளையின் முழு உருவமும் சாயாமல், சற்று நெடுப்பாக வந்தது. அந்தப் படங்களில் தெரியும் மிடுக்குக்கு அந்த இடுப்பு உயரமும் ஒரு காரணம். இன்று தலைக்கு மேலே போனைத் தூக்கி எடுக்கும் முழு உருவப் படத்தில் கால்கள் குட்டையாவது அதன் மறுபக்கம். 1920களில் ரஷ்யாவில் படப்பிடிப்பாளர் அலெக்ஸாண்டர் ரொட்செங்கோ இந்த இடுப்பு உயரத்தைத் 'தொப்புள் பார்வை' என்று கடிந்து, மாடியிலிருந்தும் நிலத்திலிருந்தும் எடுக்கச் சொன்னார். பழகிய உயரம் கண்ணை மந்தமாக்குகிறது என்பது அவர் வாதம். அன்றைக்கு அது சரி. இன்றைக்கு மேலிருந்து பார்ப்பதுதான் பழகிய உயரமாகிவிட்டது.

மேலிருந்து பார்ப்பது

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. மேலிருந்து படமெடுக்க முன்பு மொட்டை மாடியோ, தண்ணீர்த் தாங்கியோ, பனையோதான் இருந்தன. ட்ரோன் வந்து அதை மாற்றிவிட்டது. கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று எல்லாவற்றிலும் இப்போது வானத்திலிருந்து ஒரு பார்வை உண்டு.

மேலிருந்து மட்டுமே விளங்குபவை இருக்கின்றன. கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பின்னர் இந்தக் கோட்டையை ஐந்து மூலை வடிவில் பெருப்பித்துக் கட்டினார்கள். வீதியில் நின்று பார்ப்பவருக்கு அகழியும் நீண்ட சுவரும்தான். மேலிருந்து பார்த்த பிறகுதான் அந்த ஐந்து கொத்தளங்களும் ஒன்றின் பக்கத்தை மற்றது காக்கும்படி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். பீரங்கிக் காலத்துக் கோட்டையின் மூளையே அந்த வடிவம்தான்.

ஆனால் மேலிருந்து பார்த்தால் முகம் போய்விடும். இதைத் திகில் பட இயக்குநர் ஹிட்ச்கொக் தெரிந்தே பயன்படுத்தினார். 1960இல் வந்த 'சைக்கோ'வில் துப்பறிபவர் மாடிப்படி ஏறும்போது கமரா திடீரென்று கூரைக்குப் போகிறது. பாய்ந்து வரும் கொலையாளியின் முகத்தைக் காட்டக் கூடாது, ஆனால் மறைக்கிறோம் என்றும் தெரியக் கூடாது. நேர் மேலே இருந்து பார்த்தால் தலை மட்டும் தெரியும், முகம் இயல்பாகவே ஒளிந்துவிடும். அடுத்த கணமே தாக்கப்பட்டவரின் முகத்துக்கு மிகக் கிட்டப் போய்விடுகிறார். தூரமும் நெருக்கமும் மோதும்போது வரும் அதிர்ச்சி அது.

தேர்த் திருவிழாவிலும் இதைத்தான் இழக்கிறோம். ட்ரோன் படத்தில் வடம் இரண்டு கோடாக, பக்தர்கள் புள்ளிகளாக, தேர் ஒரு சதுரமாக அழகாகத் தெரியும். வடம் பிடித்தவரின் தோளுக்குப் பின்னால் நின்று பாருங்கள்: வியர்வையில் கரைந்து ஓடும் திருநீறு, உள்ளங்கையில் இறுகும் கயிறு, தேர் முதல் அடி அசையும் கணத்தில் எல்லா முதுகும் ஒன்றாக வளைவது. முதலாவது படம் ஒழுங்கைக் காட்டுகிறது, இரண்டாவது பாரத்தைக் காட்டுகிறது. இரண்டும் வேண்டும். இப்போது முதலாவது மலிந்து, இரண்டாவது குறைந்து வருகிறது என்பதுதான் என் கவலை.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏறும் பட்டங்களுக்கும் ஒரு கோணப் பிரச்சினை உண்டு. வானத்தை மட்டும் அண்ணாந்து எடுத்தால் ஆள் உயரப் பட்டமும் கையளவு பட்டமும் ஒன்று போலத்தான் தெரியும். ஏற்றுபவரின் பின்னால் தாழ்ந்து நின்று, கையையும் கயிற்றையும் சட்டகத்துக்குள் விட்டால்தான் அளவு பிடிபடும்.

சரிந்த சட்டகம்

கமராவைப் பக்கமாகச் சரிப்பதற்கு டச்சுக் கோணம் என்று பெயர். எங்கள் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜேர்மன் என்பதற்கு அந்த மொழியில் உள்ள 'டொய்ச்' என்ற சொல் திரிந்து டச்சு ஆனது என்பதே பரவலான விளக்கம். நிமிர்ந்து நிற்க நாம் நம்பியிருக்கும் கோடுகள், அதாவது தொடுவானமும் சுவரும் கதவு நிலையும், சரிந்ததும் உடம்பு தடுமாறுகிறது. போருக்குப் பிந்திய வியன்னாவில் நடக்கும் 'த தேர்ட் மேன்' என்ற 1949ஆம் ஆண்டுப் படத்தில் இயக்குநர் கரோல் ரீட் இதை நிறையப் பயன்படுத்தினார். யாரை நம்புவது என்று தெரியாத நகரத்துக்கு அது பொருந்தியது. மணவறையில் தாலி கட்டும் காட்சியைச் சரித்து எடுக்கும்போது அந்தத் தடுமாற்றத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கத்தான் தோன்றுகிறது. இதற்கு மேல் இதில் சொல்ல அதிகம் இல்லை.

யாருடைய பக்கத்தில் நிற்கிறது?

பக்கம் என்பதுதான் கண்ணுக்குத் தெரியாமல் அதிகம் வேலை செய்வது. உதைபந்தாட்ட ஒளிபரப்பில் முக்கிய கமராக்கள் எல்லாம் மைதானத்தின் ஒரே பக்கத்தில்தான் நிற்கும். ஒரு அணி இடமிருந்து வலமாக அடிக்கிறது என்றால் அந்தப் பாதி முடியும் வரை அப்படியே இருக்கும். கமரா எதிர்ப் பக்கம் தாவினால் அதே அணி திடீரென்று தன் கோலுக்கே அடிப்பது போலத் தோன்றும். சினிமாவில் இருவர் பேசும்போதும் அவர்களுக்கு இடையே ஒரு கோடு இருப்பதாக வைத்து, கமராவை ஒரு பக்கத்திலேயே நிறுத்துவார்கள்.

இது நீதிமன்றம் வரை போகும் விஷயம். அமெரிக்காவில் ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டானியல் லாசிட்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1986 முதல் ஒரு கேள்வியை ஆராய்ந்தார்கள். பொலிஸ் விசாரணையில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அதை மூன்று கோணங்களில் பதிவு செய்து வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டினால் என்ன நடக்கும்?

1. கமரா சந்தேக நபரின் முகத்தை மட்டும் பார்த்தால், அவர் தன் விருப்பத்தோடுதான் ஒப்புக்கொண்டார் என்று பார்ப்பவர்கள் கூடுதலாக நம்பினார்கள்.

2. கமரா விசாரிப்பவரைப் பார்த்தால், அழுத்தம் கொடுக்கப்பட்டதாகக் கூடுதலாக உணர்ந்தார்கள்.

3. பக்கவாட்டில் நின்று இருவரையும் சமமாகக் காட்டினால், அந்தச் சாய்வு குறைந்தது.

பேசிய வார்த்தை ஒன்றும் மாறவில்லை. கண்ணுக்கு முன்னால் பெரிதாக இருப்பவரையே நடப்பதற்கெல்லாம் காரணமாக மனம் எடுத்துக்கொள்கிறது. நீதிபதிகளையும் பொலிஸ் அதிகாரிகளையும் வைத்துப் பார்த்தபோதும் அவர்களுடைய அனுபவம் இதிலிருந்து காப்பாற்றவில்லை. நியூசிலாந்தில் விசாரணைப் பதிவுகளை இருவரும் சமமாகத் தெரியும்படி எடுப்பதை நடைமுறையாக்கினார்கள்.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட பதிவுகள் பெரும்பாலும் தெருவில்தான் நடக்கின்றன. வீதித் தடையில் ஒரு வாக்குவாதம், காணித் தகராறு, பஸ்ஸில் நடத்துனரோடு சண்டை. யாரோ ஒருவர் போனை எடுத்து, கத்துகிற முகத்துக்கு நேரே பிடிக்கிறார். கத்துபவர் மட்டும் தெரிகிறார். அவரைக் கத்த வைத்தது எதுவோ அது கமராவுக்குப் பின்னால் நிற்கிறது. அந்த வீடியோவைப் பார்த்து ஊரே தீர்ப்புச் சொல்லிவிடும். போன் பிடித்தவர் மூன்று எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் நேராக வைத்திருந்தால், சட்டகத்துக்குள் இரண்டு பேர் இருந்திருப்பார்கள்.